முந்நூற்றெண்பது ரூபாய்

எங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் முன்தாழ்வாரத்தில் ஒரு பழைய பெஞ்சு கிடக்கிறது. வேங்கைப் பலகை. யூரியாவுக்கும் நகைக்கடனுக்கும் காத்திருப்பவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து நடுப்பகுதி சற்றுக் குழிந்து வழவழப்பாகிவிட்டது. அதன் முதுகுப் பலகையின் பின்புறம், குனிந்து பார்த்தால் மட்டும் தெரியும்படி, வெள்ளை எழுத்தில் 'பொ.ந.நிதி 1974' என்று எழுதியிருக்கும். என் வாழ்வில் படித்தவற்றில் பாதியை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் படித்தேன் என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. 2025ஆம் ஆண்டுவரை அதில் எனக்கு எந்த உறுத்தலும் இருந்ததில்லை.

2025ஐ ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்திருந்தது. 2012க்குப் பிறகு இது இரண்டாவது முறை. அதை முன்னிட்டுச் சங்கத்தில் சிறு மலர் ஒன்று கொண்டுவரலாம் என்று செயலாளருக்கு யோசனை. நான் அவ்வப்போது பத்திரிகைகளில் எழுதுகிறவன், போதாக்குறைக்கு சங்கத்தின் பழைய செயலாளருடைய தம்பி மகன். எனவே சங்கத்தின் வரலாற்றை எழுதும் பொறுப்பு என்மேல் விழுந்தது. "ரெண்டு பக்கம் போதும் சார். பழைய மினிட் புக்கெல்லாம் பரண்ல இருக்கு, எடுத்துத் தரச் சொல்றேன்" என்றார். அந்த முறை ஊருக்குப் போனபோது நான்கு நாட்கள் அந்தத் தாழ்வாரத்திலேயே, அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து தீர்மானப் புத்தகங்களைப் புரட்டினேன். கறையான் தின்றது போக மீதி. பெரியப்பாவின் கையெழுத்து முத்து முத்தாக, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல், பக்கம் பக்கமாக.

பெரியப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. வெண்ணாற்றுப் பாசனத்தில் ஒடுங்கிக் கிடந்த சிற்றூர் எங்களுடையது. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, இரண்டாண்டுக்கொரு மாற்றல். ஆகவே என் பள்ளிப்படிப்பு முழுவதும் பெரியப்பா வீட்டில். அவர் சங்கத்துச் செயலாளர். பெயர்தான் செயலாளரே தவிர, கணக்கர், காசாளர், உர மூட்டை எண்ணுபவர் எல்லாம் அவரே. சம்பளம் சொற்பம். ஆனால் கூட்டுறவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சாப்பாடு ஆறிப்போகும். 1904இல் திருவள்ளூர்ப் பக்கம் திரூர் என்ற கிராமத்தில் முதல் வேளாண் கடன் சங்கம் தோன்றியதையும், அதே ஆண்டு திருவல்லிக்கேணியில் சீனிவாச சாஸ்திரி போன்றவர்கள் முன்னின்று ஒரு பண்டகசாலையைத் தொடங்கியதையும் சொந்தக் குடும்பக் கதைபோலச் சொல்வார். அவர்களுக்கும் முன்பாக இங்கிலாந்தில் ராச்டேல் என்ற நெசவு நகரத்தில், 1844 டிசம்பர் 21ஆம் தேதி இரவு, இருபத்தெட்டுப் பேர் சேர்ந்து ஒரு கடை திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், கொஞ்சம் மெழுகுவர்த்தி, அவ்வளவுதான் சரக்கு. பெரியப்பாவுக்கு அந்தக் கடையைவிட அதன் மாடி முக்கியம். "பத்து வருஷம் கழிச்சு என்ன பண்ணினாங்க தெரியுமாடா? வர்ற லாபத்துல நூத்துக்கு ரெண்டரை படிப்புக்குன்னு ஒதுக்கினாங்க. கடைக்கு மேல பேப்பர் படிக்க ஒரு ரூம், லைப்ரரி. மாவு விக்கிறவன் எதுக்குடா லைப்ரரி வைக்கணும்? யோசிச்சுப் பாரு" என்பார்.

அந்த இரண்டரை சதவீதத்தின் தூரத்து உறவுதான் நம்மூர்ப் பொது நல நிதி. 1904இன் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டுமானது. 1912இல் வந்த சட்டத்தின் 34ஆம் பிரிவு ஒரு சிறு சன்னலைத் திறந்துவிட்டது. நிகர லாபத்தில் நான்கில் ஒரு பங்கை முதலில் காப்பு நிதிக்கு எடுத்துவைத்துவிட வேண்டும். மீதியில் பத்து சதவீதத்துக்கு மேற்படாமல், பதிவாளரின் அனுமதியோடு, ஓர் அறக்காரியத்துக்குக் கொடுக்கலாம். அறக்காரியம் எது என்பதற்கு 1890ஆம் ஆண்டின் அறக்கொடைச் சட்டத்தைப் பார்க்கச் சொன்னது. ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம், பொதுமக்களுக்குப் பயன்படும் வேறு எதுவும். ஆனால் முழுக்க மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ உரியதாக இருக்கக் கூடாது. பின்னர் 1932, 1961, 1983 என்று சட்டங்கள் மாறின. நிதியின் பெயரும் நடைமுறையும் மாறினாலும், லாபத்தில் ஒரு துளி ஊருக்கு என்ற எண்ணம் மட்டும் ஏதோ ஒரு வடிவில் உள்ளே இருந்துகொண்டே வந்தது. (உலகக் கூட்டுறவு அமைப்பு, சமூகத்தின்மீது அக்கறை என்பதைத் தன் ஏழாவது கொள்கையாக எழுதிக்கொண்டது 1995இல்தான். பெரியப்பா அப்போது இல்லை. இருந்திருந்தால் இவ்வளவு தாமதமா என்று கேட்டிருப்பார்.)

வழிபாட்டுக்கு உரியதாக இருக்கக் கூடாது என்ற அந்த விதி பெரியப்பாவுக்குப் பெரிய துணையாக இருந்தது. ஆண்டுதோறும் மாரியம்மன் திருவிழாவுக்குச் சங்கத்திலிருந்து ஏதாவது எழுதச் சொல்லி நாட்டாண்மைக்காரர்கள் வருவார்கள். பெரியப்பா வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, மிகுந்த வருத்தத்துடன், சட்டப் புத்தகத்தை எடுத்து வாசித்துக் காட்டுவார். ஆங்கிலத்தில். அவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

பொது நல நிதி என்றதும் பெரிய தொகையாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். 1974இல் எங்கள் சங்கத்தின் நிகர லாபம் 5,280 ரூபாய். நாலில் ஒன்று, 1,320 ரூபாய், காப்பு நிதிக்கு. மீதி 3,960. அதில் பத்து சதவீதம் 396 ரூபாய். இவ்வளவுதான். இந்தக் கணக்கை என்னைப் போடச் சொல்லித்தான் பெரியப்பா எனக்குச் சதவீதம் கற்பித்தார். எட்டாம் வகுப்பு வாத்தியார் தோற்ற இடத்தில் அவர் வென்றார். ஏனென்றால் அந்த 396 எனக்கு வேண்டியிருந்தது.

எங்களுக்கு ஒரு படிப்பகம் வேண்டும் என்று நாங்கள் ஏழெட்டுப் பேர் அப்போது அலைந்துகொண்டிருந்தோம். நான்தான் அதில் இளையவன், பதினான்கு வயது. மூத்தவர்கள் மன்னார்குடிக் கல்லூரிக்குப் பேருந்தில் போய்வருபவர்கள். கணையாழியும் தீபமும் அவர்கள் வழியாகத்தான் ஊருக்குள் வந்தன. ஓர் இதழைப் பத்து நாள் பத்துப் பேர் படித்து, கடைசியில் அட்டை இல்லாமல் என் கைக்கு வரும். பிள்ளையார் கோயிலை ஒட்டி, முன்பு மடப்பள்ளியாக இருந்து கைவிடப்பட்ட ஓர் அறை உண்டு. அதைக் கேட்டு வாங்கியாயிற்று. உள்ளே போடத்தான் ஒன்றுமில்லை. சங்கத்துக்கு விண்ணப்பம் எழுதுவது என்று முடிவாயிற்று. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். பெஞ்சு இரண்டு, ஒன்று 110 ரூபாய் வீதம் 220. அலமாரி ஒன்று, 70. ஓராண்டுக்கு நாளிதழ், பருவ இதழ் சந்தா 90. ஆகமொத்தம் 380.

கிடைத்தது. அந்த ஆண்டு பொங்கலுக்குப் படிப்பகம் திறந்தார்கள். அந்த அறையின் வாசனை இப்போதும் எனக்கு வருகிறது. பழைய எண்ணெய்ப் பிசுக்கும், புதுப் பலகையும், தபாலில் வந்த பத்திரிகையின் மையும் கலந்த வாசனை. அறுபது வாட்ஸ் குண்டுபல்பு. மாலை ஆறிலிருந்து எட்டரை வரை. மலிவு விலையில் வந்த சோவியத் நாட்டின் வழவழப்பான தாள்களை முகர்ந்து பார்ப்பதற்கென்றே ஒருவர் வருவார். புதுமைப்பித்தனையும் கு.ப.ரா.வையும் மௌனியையும் அந்த அறையில்தான் முதலில் கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டேன் என்பதே சரி. படித்தது பிற்பாடு. எனக்குத் தெரிந்த ஒருவர் அங்கே உட்கார்ந்து படித்துத்தான் தேர்வெழுதி அரசுப் பணிக்குப் போனார். நான் போன திசை வேறு. ஆனால் புறப்பட்ட இடம் அதுதான்.

இதையெல்லாம் முன்பே இரண்டு மூன்று கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். கொஞ்சம் தேன் தடவித்தான் எழுதியிருக்கிறேன் என்று இப்போது தெரிகிறது.

மூன்றாம் நாள் பிற்பகல் 1974ஆம் ஆண்டுப் புத்தகம் கைக்கு வந்தது. தீர்மானம் எனக்கு முன்பே தெரிந்ததுதான். "ஊர்ப் படிப்பகத்துக்குப் பொது நல நிதியிலிருந்து ரூ. 380 (முந்நூற்றெண்பது மட்டும்) வழங்கவும், துணைப்பதிவாளரின் அனுமதி கோரவும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. மீதி ரூ. 16 அடுத்த ஆண்டுக்கு." அதன் கீழே இன்னொரு வரி இருந்தது. "தெற்குத் தெரு இரவுப் பள்ளி சம்பந்தமான விண்ணப்பம். விண்ணப்பதாரர் சிலர் பேரில் தவணை கடந்த பாக்கி இருப்பதால் பின்னர் பரிசீலிக்கலாம்."

தெற்குத் தெரு என்பது நாகரிகமான பெயர். ஊரில் வேறு பெயர்தான் வழக்கில் இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், நாற்பது நாற்பத்தைந்து குடிசைகள். பெரும்பாலோர் கூலிக்காரர்கள். ஆனால் ஐந்தாறு பேர் மூன்று மா, நான்கு மா என்று குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பத்து ரூபாய்ப் பங்கு எடுக்கவைத்துச் சங்கத்தில் உறுப்பினராக்கியது பெரியப்பாதான். அது சாதாரணச் செயலல்ல. கீழ்வெண்மணியில் நாற்பத்துநான்கு பேர் எரிக்கப்பட்டது 1968 டிசம்பரில். எங்கள் ஊருக்கு அது வெகுதூரம் இல்லை. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் எங்கள் பக்கத்தில் மிராசுதார்களும் விவசாயத் தொழிலாளர்களும் ஒரே கூரையின்கீழ் உட்காருவது என்பதே அரிது. சங்கத்தின் பேரவைக் கூட்டத்தில் உட்கார்ந்தார்கள். தாழ்வாரத்தில் தனியே, தரையில். ஆனாலும் உட்கார்ந்தார்கள்.

தீர்மானங்களுக்கான விண்ணப்பங்களைப் பெரியப்பா ஆண்டுவாரியாக நூலில் கோத்து வைத்திருந்தார். 1974ஆம் ஆண்டுக் கட்டைப் பிரித்தேன். முதலில் எங்கள் விண்ணப்பம். அதைத் தொட்டதும் எனக்கு ஏற்பட்ட குதூகலத்தை மறைக்க விரும்பவில்லை. ஐம்பத்தோரு ஆண்டுகளுக்கு முந்தைய என் கையெழுத்து. அதை எடுத்துவிட்டு அடுத்த தாளைப் பார்த்தேன். அதுவும் என் கையெழுத்து.

சற்று நேரம் ஒன்றும் விளங்கவில்லை. தவறுதலாக நகல் ஒன்று கோக்கப்பட்டிருக்கிறது என்றே நினைத்தேன். பிறகு வாசித்தேன். தெற்குத் தெருவில் இரவு நேரத்தில் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் எழுத்து கற்பிக்கப்படுகிறது. கூரை ஒழுகுகிறது. அரிக்கேன் விளக்கு இரண்டு 36 ரூபாய். சிலேட்டு இருபது 15 ரூபாய். கூரை மேயக் கீற்றும் கூலியும் 64 ரூபாய். ஆகமொத்தம் 115. கீழே பதினொரு கைரேகைகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'இன்னார் கைநாட்டு' என்று பெயர். அந்தப் பெயர்களையும் நான்தான் எழுதியிருக்கிறேன்.

அதன்பிறகு நினைவு வந்தது. முழுதாக அல்ல. ஒரு சாயங்காலம், கொல்லைப்புறம், மாட்டுக்கொட்டகை ஓரமாக அவர் நின்றுகொண்டிருந்தார். எங்கள் நிலத்தில் மூன்று மாவைக் குத்தகைக்குச் செய்துவந்தவர். பெரியப்பா வயதுதான் இருக்கும். நான் அவரைப் பெயர் சொல்லி வா போ என்றுதான் அழைப்பேன். அவர் என்னைச் 'சின்னய்யா' என்பார். "சின்னய்யா, சங்கத்துக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுக்கணும். பெரியய்யா எழுதக் கூடாதாம், அவருகிட்டதான குடுக்கப்போறோம். நீங்க எழுதினா நல்லாருக்கும்" என்றார். நான் கிணற்றடித் துவைகல்லில் தாளை வைத்து எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதினேனா, நானே வார்த்தைகளைப் போட்டேனா என்பது நினைவில்லை. தெற்குத் தெருவில் முதன்முதலாகப் பள்ளியிறுதி தேறிய இளைஞர் ஒருவர் அங்கே கற்பித்துவந்தார் என்பது மட்டும் நினைவிருக்கிறது. எழுதி முடித்ததும் அவர் எனக்கு ஒரு பனங்கிழங்குக் கட்டுக் கொடுத்தார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று நான் யாரையும் கேட்கவில்லை. அவரையும் கேட்கவில்லை, பெரியப்பாவையும் கேட்கவில்லை. எனக்கு 380 கிடைத்துவிட்டது. பதினான்கு வயதுச் சிறுவனை இதற்காகக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை என்று நண்பர் ஒருவர் சொன்னார். சரிதான். ஆனால் மறந்தவன் சிறுவன் மட்டும் அல்லவே. படிப்பகத்தைப் பற்றி ஐம்பது வயதில் கட்டுரை எழுதியவனும் மறந்துதான் இருந்தான். எங்கள் விண்ணப்பத்தின் ஒவ்வொரு சொல்லும் எனக்கு நினைவில் இருந்தது, இது மட்டும் எப்படி இல்லாமல் போனது?

தாளின் பின்பக்கம் பென்சிலால் ஒரு கணக்கு இருந்தது. பெரியப்பாவின் எண்கள். 380, அதன்கீழ் 110, கழித்தால் 270. கூட்டல் 115. மொத்தம் 385. மீதி 11. ஒரு பெஞ்சைக் குறைத்துக்கொண்டால் இரண்டு விண்ணப்பத்தையும் நிறைவேற்றிவிடலாம், பதினோரு ரூபாய் மிஞ்சவும் மிஞ்சும். அவர் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். அதை நிர்வாகக் குழுவில் சொல்லியும் இருப்பார். யார் என்ன மறுமொழி சொன்னார்கள் என்பது தீர்மானப் புத்தகத்தில் இல்லை. ஏகமனதாக என்ற சொல்தான் இருக்கிறது. தீர்மானப் புத்தகங்களில் நான் மிகவும் அஞ்சத் தொடங்கியிருக்கும் சொல் அது.

தவணை கடந்த பாக்கி என்ற காரணத்தையும் சோதித்துப் பார்த்தேன். (அரசுப் பணியில் தணிக்கைத் துறையில் இருந்தவன் நான், விட முடியவில்லை.) அந்த ஆண்டின் பாக்கிப் பட்டியலில் தெற்குத் தெருக்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். நிர்வாகக் குழு உறுப்பினர்களும் மூன்று பேர் இருந்தார்கள். தொகையை ஒப்பிட வேண்டாம். பொது நல நிதி பெறுவதற்கும் ஒருவர் கடன் பாக்கிக்கும் சட்டத்தில் நான் அறிந்தவரை எந்தத் தொடர்பும் கிடையாது.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. கோயில் திருவிழாவுக்குப் பணம் கேட்டு வந்தவர்களுக்கு வாசித்துக் காட்டிய அதே விதி எங்கள் படிப்பகத்தைத் தொடவில்லை. படிப்பகம் கல்விக் காரியம், சட்டப்படி குற்றமில்லை. ஆனால் அது இருந்த இடம் பிள்ளையார் கோயில் பிராகாரத்துக்குள். தெற்குத் தெருவிலிருந்து ஒருவர் அந்த அறைக்கு வர வேண்டுமென்றால் கோயில் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். யாரும் வந்ததில்லை. வரக் கூடாது என்று நாங்கள் எந்தப் பலகையும் வைக்கவில்லை. வைக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அவர்களுடைய பத்து ரூபாய்ப் பங்குகளும், அவர்கள் கட்டிய வட்டியும் சேர்ந்து வந்த லாபத்திலிருந்துதான் அந்த 396. நான் கு.ப.ரா.வின் பெயரைக் கேள்விப்பட்ட வெளிச்சத்துக்கு எண்ணெய் அங்கிருந்தும் வந்திருக்கிறது.

நான்காம் நாள் மேற்கொண்டு புரட்டினேன். 1975இல் சங்கத்துக்கு லாபமில்லை, ஆகவே நிதியும் இல்லை. 1976இல் தமிழ்நாடு முழுவதும் கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகக் குழுக்கள் கலைக்கப்பட்டுத் தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டார்கள். நெருக்கடி நிலைக் காலம். எங்கள் சங்கத்துக்கும் ஓர் அலுவலர் வந்தார். அவர் பொறுப்பேற்ற இரண்டாம் மாதமே ஒரு குறிப்பு. "1974ஆம் ஆண்டு முதல் நிலுவையில் உள்ள தெற்குத் தெரு இரவுப் பள்ளி விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு ரூ. 115 வழங்க அனுமதிக்கப்படுகிறது." குறிப்பை எழுதியது பெரியப்பா, கையொப்பம் தனி அலுவலருடையது.

இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. 'பின்னர் பரிசீலிக்கலாம்' என்று 1974இல் எழுதியதும் அவர்தான். நிராகரிக்கப்பட்டது என்று எழுதியிருந்தால் விண்ணப்பம் அன்றே முடிந்துபோயிருக்கும். அந்த ஒரு சொல்லால் அதை உயிரோடு வைத்திருந்து, தடுப்பவர்கள் இல்லாத நாளில் எடுத்து நீட்டியிருக்கிறார். சாமர்த்தியம் என்று சொல்லலாம். இரண்டாண்டுகள் வாய்மூடி இருந்தார் என்றும் சொல்லலாம். வாழ்நாள் முழுக்கச் சனநாயகம்தான் கூட்டுறவின் உயிர், ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு என்று பேசிய மனிதர், தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவிடமிருந்து பெற முடியாத ஒரு நியாயத்தை, அந்தக் குழு கலைக்கப்பட்ட பிறகு ஓர் அதிகாரியிடமிருந்து பெற்றிருக்கிறார். அவருக்கு அது சந்தோஷமாக இருந்திருக்கும் என்று தோன்றவில்லை. அதைப்பற்றி வீட்டில் ஒருவரிடமும் அவர் பேசியதில்லை. நான் அப்போது பதினாறு வயதில், மாலைதோறும் படிப்பகத்தில் இருந்தேன்.

கதை அங்கே முடிந்திருந்தால் நானும் ஒருவாறு ஆறுதல் அடைந்து, மலருக்குரிய இரண்டு பக்கத்தை எழுதிக் கொடுத்திருப்பேன். அதே ஆண்டின் வரவுச் சீட்டுக் கட்டில் ஒரு சீட்டு இருந்தது. "இரவுப் பள்ளி தற்போது நடைபெறாததால் ரூ. 115 திருப்பிச் செலுத்தப்பட்டது." கீழே ஒரு கைரேகை. அவருடையது. 1975 மழையில் அந்தக் கூரை விழுந்துவிட்டது. கற்பித்த இளைஞர் வேலை தேடிச் சென்னைக்குப் போய்விட்டார். பணம் வந்தபோது பள்ளி இல்லை. இதைப் பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அரசின் முதியோர் கல்வித் திட்டம் வந்தது 1978இல்தான். அதற்குள் சிலருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது.

கட்டு முழுவதையும் தேடினேன். எங்கள் படிப்பகத்தின் 380க்குச் செலவுக் கணக்குக் காட்டும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. நாங்கள் கொடுக்கவே இல்லை. சந்தாவுக்கான 90இல் ஒரு பகுதி, திறப்பு விழா அன்று காப்பிக்கும் மைக்செட்டுக்கும் போனது எனக்கு நன்றாகத் தெரியும். நானும் காப்பி குடித்தேன். பாக்கிதாரர் என்று சொல்லப்பட்டவர்தான் நூற்றுப்பதினைந்தையும் எண்ணி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பெரிய தொகைகளுக்கு இப்படிப்பட்ட கதைகள் இருப்பதில்லை. 2006இல் தமிழ்நாட்டின் கூட்டுறவுச் சங்கங்களில் 6,866 கோடி ரூபாய் விவசாயக் கடன் தள்ளுபடியானது. 2021இல் 12,110 கோடி. எங்கள் ஊரில் பலருக்கு அதனால் நிம்மதி கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அதை யாரும் சங்கம் கொடுத்ததாகச் சொல்வதில்லை. அது மழைபோல மேலிருந்து வந்தது, போயிற்று. 396 ரூபாய் அப்படியல்ல. அதை ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, யாருக்கு என்று முடிவுசெய்ய வேண்டியிருந்தது. கொடுத்தவரின் முகமும் தெரியும், கொடுக்காமல் விட்டவரின் முகமும் தெரியும். ஊர் என்று அந்த மேசை யாரையெல்லாம் நினைத்தது என்பதை அறிய அதைவிடத் துல்லியமான ஆவணம் எனக்குக் கிடைக்கவில்லை.

மலருக்கு நான் எழுதிக் கொடுத்தது ஆறு பக்கம். இரண்டு விண்ணப்பங்களையும் அப்படியே சேர்த்திருந்தேன். செயலாளர் வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நல்ல மனிதர். "உண்மைதான் சார். ஆனா இப்ப எல்லாரும் ஒத்துமையாத்தான இருக்கோம். விழா மலர்ல இது எதுக்கு?" என்றார். நான் வாதம் செய்யவில்லை, எடுக்கவும் சம்மதிக்கவில்லை. கடைசியில் மலரே வரவில்லை. நிதி போதவில்லையாம். வாசலில் வானவில் நிறத்தில் ஒரு ஃபிளெக்ஸ் பலகை மட்டும் வைத்தார்கள். படிப்பகம் மூடி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அலமாரி என்ன ஆயிற்றென்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பெஞ்சில் ஒன்று மட்டும் எப்படியோ சங்கத்துக்கே திரும்பி வந்திருக்கிறது. அது குறைத்திருக்க வேண்டிய பெஞ்சா, மற்றதா என்று தெரியவில்லை.

ஊரைவிட்டுக் கிளம்பும் நாளன்று தெற்குத் தெருவுக்குப் போனேன். வாய்க்காலின்மேல் இப்போது சிமெண்டுப் பாலம். அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. மகள் இருந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருக்கலாம். திண்ணையில் பாய் விரித்து உட்காரச் சொன்னார். தயக்கத்துடன், கைப்பேசியில் எடுத்துவந்திருந்த படத்தைக் காட்டினேன். விண்ணப்பத்தின் எழுத்துகளை அவர் பார்க்கவில்லை. கைரேகைகளைத்தான் பார்த்தார். "இதுல எங்கப்பாது எதுங்க?" என்றார். காட்டினேன். திரையை இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த எடத்துக்கு நானும் நாலு நாளு போயிருக்கேன். அ, ஆ வரைக்கும் வந்துச்சு. அப்புறம் மழை புடிச்சுக்கிச்சு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. "என்னன்னு எழுதியிருக்கு? படிக்கச் சொல்லுங்க, கேப்போம்."

நான் படிப்பதற்குள், உள்ளேயிருந்து வந்த பேத்தி கைப்பேசியை வாங்கிக்கொண்டாள். திருவாரூரில் கல்லூரியில் படிக்கிறாளாம். உரக்க, தடையில்லாமல் வாசித்தாள். அரிக்கேன் விளக்கு என்ற இடத்தில் மட்டும் நிறுத்தி, அப்படியென்றால் என்ன என்று ஆயாவிடம் கேட்டுக்கொண்டாள். கடைசி வரிக்கு வந்ததும் நின்றாள்.

"'இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியர்கள்'னு போட்டிருக்கு சார். இவங்கல்லாம் சங்கத்துல மெம்பர்தானே?"

"ஆமாம்" என்றேன்.

"அப்ப ஏன் ஊழியர்னு?"

அந்தக் காலத்தில் விண்ணப்பமென்றால் அப்படித்தான் எழுதுவார்கள் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, கைப்பேசியில் இருந்த மற்றொரு படத்தை எடுத்துப் பார்த்தேன். அதே வாரம், அதே பேனாவில், அதே கையால் எழுதியது. 'இப்படிக்கு, ஊர்ப் பொதுமக்கள்' என்று முடிந்திருந்தது.